புதுப்பிப்பு: வெடிப்புப் புகை போல இருந்த அந்த இரட்டைக் குடியிருப்புக் கோபுரம் எது?

இரட்டைக் கோபுரம், நடுவில் வெடிப்புப் புகை மாதிரி ஒரு பகுதி, மக்கள் கொதித்துப் போனார்கள். எந்த ஊர், கட்டினார்களா என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. துபாய் என்று தேடியதில் ஒன்றும் சிக்கவில்லை. தென்கொரியத் தலைநகர் சியோலின் யோங்சான் பகுதி என்று ஒருவர் சொன்னதுதான் சரி.

பெயர் 'தி கிளவுட்'. நெதர்லாந்தின் எம்விஆர்டிவி என்ற கட்டடக்கலை நிறுவனம் 2011 டிசம்பரில் வெளியிட்ட வடிவமைப்பு. 260, 300 மீட்டரில் இரண்டு சொகுசுக் குடியிருப்புக் கோபுரங்கள். 27ஆவது மாடியில் அவற்றை இணைக்கும் 'மேகம்'. பார்த்தால் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் வெடித்த காட்சி போலவே இருந்தது; 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உறவுகளை இழந்தவர்களுக்கு அந்தப் படம் எப்படி வலித்திருக்கும்! வடிவமைக்கும்போது அந்த ஒற்றுமை கண்ணில் படவில்லை என்று சொல்லி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதை நான் நம்புகிறேன்.

எதிர்பார்க்காத விஷயம், திட்டத்தைக் கவிழ்த்தது பணம்தான். 2013இல் வட்டி கட்ட முடியாமல் இந்தக் கோபுரங்கள் இடம்பெற்றிருந்த யோங்சான் வளர்ச்சித் திட்டமே சரிந்தது; கோபுரங்கள் எழவில்லை.