மிக்காசா கப்பலின் மாதிரியுருவுக்குப் படங்கள் தேவை

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் நான். பாடசாலைக் கண்காட்சிக்காக எங்கள் மாணவர்கள் யப்பானின் மிக்காசா போர்க்கப்பலை ரெஜிபோமிலும் மட்டையிலும் நூற்றிலொரு பங்கு அளவில் செய்து வருகின்றனர். உண்மைக் கப்பல் ஏறத்தாழ 132 மீற்றர் நீளம் என்பதால், இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டே வேலை நடக்கிறது.

1905 இல் ரஷ்யக் கடற்படையுடனான சுஷிமா சமரில் யப்பானிய அட்மிரல் டோகோவின் தலைமைக் கப்பலாக நின்று, இன்று யொகோசுக்காவில் கரையோரம் கொங்கிறீற்றில் பதிக்கப்பட்டு அருங்காட்சியகமாக இருக்கும் அக்கப்பலை நேரில் பார்த்தவர்கள், குறிப்பாகப் புலம்பெயர்ந்த உறவுகள், அதன் பின்தளத்தையும் புகைபோக்கிகளைச் சூழ்ந்த பகுதியையும் எடுத்த படங்களைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். எமக்குக் கிடைத்த படங்கள் அனைத்தும் முன்புறத்து 12 அங்குலப் பீரங்கிகளையே காட்டுகின்றன.

இன்னொரு சிக்கல் சொல்லைப் பற்றியது. கடற்படையின் எல்லாக் கலங்களையும் நாம் போர்க்கப்பல் என்றே அழைப்பதால், 1906 இல் பத்துப் பெரும் பீரங்கிகளோடும் நீராவிச் சுழலிகளோடும் வந்து மிக்காசா வகையைப் பழையதாக்கிய பிரித்தானியாவின் டிரெட்நோட் கப்பல் போன்றவற்றைத் தனித்துச் சுட்டப் பொருத்தமான சொல் எது?

பார்வையாளர்களுக்காகப் பத்துக்குப் பத்துக் கட்டங்களில் கப்பல் ஒளித்து விளையாடும் விளையாட்டையும் வைக்கிறோம். வரிசைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டதில், எதிராளியின் கப்பல் இருக்கும் கட்டத்தை ஊகித்துக் கூவும்போது குறிலும் நெடிலும் மயங்கிச் சண்டையே வந்துவிட்டது. க, ச, ட, த என மாற்றியுள்ளோம். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.