65,000 ரூபாய்க்குள் கேம் உருவாக்க ஒரு மடிக்கணினி: எதை விட்டுக்கொடுக்கலாம்?

பொருநை:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்து, ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்காக யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் ஒரு சிறிய முப்பரிமாணப் புதிர் விளையாட்டை உருவாக்கி வருகிறோம். இதுவரை கல்லூரி ஆய்வகக் கணினியில்தான் வேலை நடந்தது. மாலை ஐந்து மணிக்கு அதைப் பூட்டிவிடுவதால் சொந்தமாக ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்றாகிவிட்டது. நிரல் எழுதுவதும் நிலைகளை வடிவமைப்பதும் என் பொறுப்பு. பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் மாடல் செய்வது ஒரு தோழியின் வேலை, ஆனால் அவற்றைத் திறந்து சிறு திருத்தங்கள் செய்ய எனக்கும் தேவைப்படும். பின்னாளில் அன்ரியல் எஞ்சின் என்ற மற்றொரு கேம் மென்பொருளையும் கற்றுக்கொள்ள ஆசை.

அப்பாவால் 65,000 ரூபாய்க்கு மேல் தர இயலாது. வாங்குவது நான்கு ஆண்டுகளாவது உழைக்க வேண்டும். கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று, இன்டெல் ஐ5 12450எச் பிராசஸர், 8 ஜிபி ரேம், 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு கொண்டது. மற்றொன்று, ரைசன் 7 7730யு பிராசஸரும் 16 ஜிபி ரேமும் உடைய, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, எடை குறைந்த மடிக்கணினி. எதை எடுப்பது?

நிரல்வாசி:

கேம் விளையாடுவதற்கும் கேம் உருவாக்குவதற்கும் வெவ்வேறு கணினிகள் தேவை என்பதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. யூனிட்டியில் உங்கள் நாளின் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே போகும். சி ஷார்ப் நிரல்மொழியில் எழுதிய ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தவுடன் நிரல் மறுபடி கம்பைல் ஆகி (கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாறி), எடிட்டர் தன் நிலையைப் புதிதாக ஏற்றிக்கொள்ளும். அந்தச் சில நொடிகள் முழுவதும் பிராசஸரின் வேலையே தவிர, கிராபிக்ஸ் கார்டுக்கு அதில் பங்கில்லை. படங்களையும் மாடல்களையும் இறக்குமதி செய்வதும் ஏறக்குறைய அப்படியே.

ஆண்ட்ராய்டுக்கு பில்ட் எடுப்பது, அதாவது ஃபோனில் நிறுவும் கோப்பை உருவாக்குவது, இதைவிடக் கனமானது. 2019 ஆகஸ்ட் முதல் கூகுள் பிளே 64 பிட் நிரலைக் கட்டாயமாக்கியிருப்பதால், யூனிட்டியில் ஆண்ட்ராய்டுக்கு 32 பிட் நிரலை மட்டுமே தரும் பழைய மோனோ வழி அங்கே உதவாது. அதற்குப் பதிலான ஐஎல்2சிபிபி வழியில் உங்கள் சி ஷார்ப் முழுவதும் முதலில் சி++ ஆக மாற்றப்பட்டு, பிறகு ஃபோனுக்கான இயந்திர நிரலாகக் கம்பைல் ஆகும். பிராசஸரின் எல்லாக் கோர்களும் (உள்ளிருக்கும் தனித்தனிக் கணிப்பு அலகுகள்) முழுமூச்சாக ஓடுவது அப்போதுதான். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் 15 வாட் வகையைச் சேர்ந்த 7730யு எட்டுக் கோர்கள் கொண்ட நல்ல பிராசஸர்தான் என்றாலும், மெல்லிய உடலுக்குள் நீண்ட நேரம் அதே வேகத்தைத் தக்கவைத்துக்கொள்வது அதற்குக் கடினம், அதிலும் நம் ஊர் வெயிலில்.

ஆகவே முதலாவதை எடுங்கள், ஆனால் 8 ஜிபியோடு விட்டுவிடாதீர்கள். யூனிட்டியும் நிரல் எழுதும் விஷுவல் ஸ்டுடியோவும் பத்துத் தாவல்களோடு ஒரு பிரவுசரும் திறந்திருந்தால் 8 ஜிபி நிரம்பி வழிந்து, எஸ்எஸ்டியை ரேம்போல் பயன்படுத்தத் தொடங்கும். பிறகு எந்தக் கார்டு இருந்தும் பயனில்லை. கணினிக்குள்ளேயே ஃபோனைப் போலச் செயல்படும் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் பக்கம் போகவே போகாதீர்கள். வீட்டில் கிடக்கும் ஒரு பழைய ஃபோனைக் கேபிளில் இணைத்துச் சோதித்தால் ரேமும் மிச்சம், உண்மையான வேகமும் தெரியும். யூனிட்டியின் அமைப்புகளில், பிளே பொத்தானை அழுத்தும்போது டொமைன் ரீலோடு (நிரலின் நிலையைப் புதிதாக ஏற்றுவது) நடக்காமல் நிறுத்தும் வசதியும் உண்டு. முந்தைய ஓட்டத்தின் மதிப்பை அப்படியே வைத்திருக்கும் ஸ்டாடிக் மாறிகளை நீங்களே தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும் என்றாலும், மெதுவான கணினியில் அது பெரும் வரம்.

வண்ணக்கலவை:

முடிவில் நான் உடன்படுகிறேன், காரணத்தில் அல்ல. முப்பரிமாண மாடல்களைத் தொடப்போகிறவருக்குக் கிராபிக்ஸ் கார்டு இரண்டாம்பட்சம் என்று சொல்வது சரியாகாது. மாடலைப் படமாக்கித் தரும் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரர் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் தொழில்நுட்பம் வழியாக ஓடும்போது, பிராசஸரில் காபி குடித்துவிட்டு வரும் அளவுக்கு நேரமெடுக்கும் ரெண்டர் கண்ணெதிரே முடிந்துவிடும்.

கார்டின் அந்த 4 ஜிபி நினைவகம் எவ்வளவு தாங்கும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். 4096க்கு 4096 பிக்சல் கொண்ட ஒரு டெக்ஸ்சர் (மாடலின் மேற்பரப்பில் ஒட்டும் படம்), சுருக்கப்படாமல் ஏறினால் 64 எம்பி பிடிக்கும். மிப்மேப்களோடு (தொலைவில் தெரியும்போது பயன்படும் அதன் சிறு பிரதிகள்) சேர்த்து ஏறத்தாழ 85. ஒரு பொருளுக்கு நிறம், நார்மல் (மேடுபள்ளம்), ரஃப்னஸ் (சொரசொரப்பு) என மூன்று டெக்ஸ்சர் வைத்தால் பதினாறு பொருள்களிலேயே கார்டின் நினைவகம் ஏறக்குறைய நிரம்பிவிடும். ஃபோன் விளையாட்டுக்கு 1024 பிக்சலே தாராளம் என்பதால் உங்களுக்கு இது தடையாகாது; ஆனால் தோழியிடமிருந்து வரும் கோப்புகளை அப்படியே திறக்காமல், அளவைக் குறைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மடிக்கணினியில் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயருக்குள் 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை பல வேகங்கள் ஒளிந்திருக்கின்றன. அட்டைப் பெட்டியில் அந்த வாட் அளவு இருக்காது. நிறுவனத்தின் விவரக் குறிப்பில் டிஜிபி (கார்டு எடுத்துக்கொள்ளும் மொத்த மின்திறன்) என்ற இடத்தைத் தேடிப் பாருங்கள்.

திரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. விலை குறைந்த கேமிங் மடிக்கணினிகளில் 45 சதவீத என்டிஎஸ்சி, அதாவது குறைவான நிறங்களையே காட்டும் பேனல்தான் வழக்கமாக இருக்கும். அப்படிப்பட்ட திரையை நம்பி ஒரு முறை செங்கல் சுவருக்கு நிறம் தீட்டினேன்; திரையில் மங்கலாகத் தெரிகிறதே என்று சிவப்பைக் கூட்டிக்கொண்டே போக, ஃபோனில் பார்த்தபோது சுவர் தக்காளிச் சட்னியாக இருந்தது. வழக்கமான நிறங்களை முழுமையாகக் காட்டும் நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி திரை இந்தத் தொகைக்குள் கிடைத்தால் எடுங்கள். இல்லையென்றால் நிறத்தை மட்டும் ஃபோனில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பழஞ்சரக்கு:

தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் எனக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில்தான் முதல் இருபரிமாண விளையாட்டைச் செய்து முடித்தேன் என்பதால், கணினி போதவில்லை என்ற கவலையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம் என்பேன். இப்போது கோடோ என்ற கேம் எஞ்சின் இருக்கிறது: இலவசம், திறமூலம், பதிவிறக்கமும் மிகச் சிறியது. அதன் கம்பாட்டிபிலிட்டி ரெண்டரர் பழைய கணினிகளிலும் ஓடும். குழுவாக யூனிட்டியில் இறங்கிவிட்ட உங்களை மாறச் சொல்லவில்லை.

அன்ரியலுக்காக இப்போதே செலவழிக்காதீர்கள். எபிக் நிறுவனம் அதன் ஐந்தாம் பதிப்புக்குப் பரிந்துரைப்பது 32 ஜிபி ரேமும் 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகமும்; உங்கள் தொகைக்குள் அது எட்டாது. லூமென் (ஒளியமைப்பு), நானைட் (நுணுக்கமான மாடல்கள்) ஆகிய அதன் கனமான வசதிகளை நிறுத்தி, தரத்தைக் குறைத்து வைத்தால் கற்றுக்கொள்ள முடியும், அவ்வளவே.

கடைக்காரர் வேறு எதையாவது நீட்டினால் எண்ணைப் பாருங்கள். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் கட்டமைப்பின் வயதைச் சொல்லும். 7520யு என்பதில் அது 2, அதாவது பழைய ஜென் 2 கட்டமைப்பு, நான்கே கோர்கள். பெயரைப் பார்த்துப் புதியது என்று ஏமாறுபவர்கள் ஏராளம்.

சென்னை ரிச்சி தெருவில் கனமான வேலைகளுக்கான பழைய ஒர்க்ஸ்டேஷன் மடிக்கணினிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் நான்கு ஆண்டு உழைக்க வேண்டும் என்கிறீர்கள். பேட்டரியின் ஆயுளும் கீலின் உறுதியும் தெரியாமல் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்படியே வாங்குவதானாலும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது வேண்டாம். விண்டோஸ் 11க்கு அவை தகுதி பெறாதவை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

பொருநை:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று மீண்டும் கடைக்குச் சென்று கேட்டேன். முதல் மாடலில் 8 ஜிபி ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. காலியாக ஒரு ஸ்லாட் உண்டு. டிஜிபி 60 வாட் என்று விவரக் குறிப்பில் இருக்கிறது. அந்த ஸ்லாட்டில் 8 போடுவதா, 16 போடுவதா? இரண்டும் சம அளவில் இல்லாவிட்டால் வேகம் குறையும் என்று கடையில் பயமுறுத்துகிறார்கள். எங்கள் பகுதியில் மின்வெட்டும் அவ்வப்போது உண்டு.

நிரல்வாசி:

16 போட்டு 24 ஆக்கிவிடுங்கள். இரு பக்கமும் பொருந்தும் 8க்கு 8 என்ற பகுதி இரட்டைச் சேனலிலும் (இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில், வேகமாக), மீதமுள்ள 8 ஒற்றைச் சேனலிலும் இயங்கும். கம்பைல் வேலையில் அந்த வேறுபாட்டை நீங்கள் உணர மாட்டீர்கள், ரேம் பற்றாக்குறையையோ நிச்சயம் உணர்வீர்கள். ஸ்லாட் ஏற்கும் உச்ச அளவையும், அதற்குரிய ரேம் வகை டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்பதையும் பார்த்த பிறகு வாங்குங்கள். ஒன்றில் மற்றொன்று பொருந்தாது. மூடியைக் கழற்றினால் உத்தரவாதம் போய்விடுமா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது, அல்லது கடையிலேயே பொருத்தித் தரச் சொல்லுங்கள்.

மின்சாரம் போனால் பேட்டரியில் கிராபிக்ஸ் கார்டின் வேகம் தானாகவே வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் நிரல் எழுதுங்கள். ஆண்ட்ராய்டு பில்டை மட்டும் தொடங்காதீர்கள்.