சர்க்கரைக்குப் பதில் தேன்: கேக்கில் மற்ற அளவுகளையும் மாற்ற வேண்டுமா?

இளவெயில் கேட்டது:

வணக்கம். வீட்டில் கேக், பிஸ்கட், கஸ்டர்டு முதலியவற்றைச் செய்யும்போது வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகத் தேனைச் சேர்த்துப் பார்க்க விரும்புகிறேன். நான் வழக்கமாகச் செய்யும் வெண்ணெய் கேக்கில் மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் தலா 200 கிராம், முட்டை நான்கு, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. பால் சேர்ப்பதில்லை. ஓவனில் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைப்பேன். இதில் சர்க்கரையை எடுத்துவிட்டு அதே எடையில் தேனை ஊற்றினால் போதுமா, அல்லது மற்றப் பொருள்களின் அளவையும் மாற்ற வேண்டுமா? ஒரு கோப்பைச் சர்க்கரைக்கு ஒரு கோப்பைத் தேன் என்று ஒரு குறிப்பும், அரைக் கோப்பையே போதும் என்று இன்னொரு குறிப்பும் சொல்வதால் எதை எடுத்துக்கொள்வது என்று விளங்கவில்லை.

கூடவே இரண்டு ஐயங்கள். தேனைச் சூடாக்கினால் நஞ்சாகிவிடும் என்று அடிக்கடி காதில் விழுகிறதே, அது உண்மையா? சர்க்கரையைவிடத் தேன் உடம்புக்கு நல்லது என்ற எண்ணத்தில்தான் இந்த மாற்றத்தையே யோசிக்கிறேன். அந்த எண்ணம் சரிதானா?

அடுப்படி வாசகர் எழுதிய பதில்:

கோப்பைக் கணக்கை முதலில் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 240 மில்லி கொள்ளும் கோப்பையில் சர்க்கரை ஏறத்தாழ 200 கிராம் பிடிக்கும். தேனோ ஏறத்தாழ 340 கிராம் பிடிக்கும். ஆகவே கோப்பைக்குக் கோப்பை மாற்றுகிறவர் தமக்குத் தெரியாமலேயே 1.7 மடங்கு எடையை மாவில் ஊற்றிவிடுகிறார். நீங்கள் கிராமில் அளப்பவர் என்பதால் இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. தேனைப் பொறுத்தவரை தராசை விட்டுக் கோப்பைக்குப் போகவே வேண்டாம்.

இனி உங்கள் கேக்குக்கு வருவோம். தேனில் 17 முதல் 18 விழுக்காடு தண்ணீர் இருக்கிறது. எஞ்சியதில் ஏறக்குறைய முழுவதும் ஃபிரக்டோஸ், குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரைகள். 200 கிராம் சர்க்கரைக்கு ஈடான சர்க்கரைச் சத்தைத் தேனிலிருந்து பெற ஏறத்தாழ 245 கிராம் தேன் தேவைப்படும், அதனுடன் 40 கிராமுக்கு மேல் தண்ணீரும் சேர்ந்தே வரும். பால் சேரும் கேக்காக இருந்தால் அந்த அளவு பாலைக் குறைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். உங்கள் கேக்கில் ஈரம் தருபவை முட்டையும், வெண்ணெயில் இருக்கும் சிறிதளவு தண்ணீரும் மட்டுமே. முட்டையைக் குறைத்தால் கேக்கைத் தாங்கிப் பிடிக்கும் கட்டுமானமே தளர்ந்துவிடும்.

தண்ணீரைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. இவ்வகைக் கேக் மென்மையாக எழும்புவது, வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து நுரைக்க அடிக்கும் அந்த முதல் சில நிமிடங்களில்தான் தீர்மானமாகிறது. சர்க்கரைப் படிகங்களின் கூரிய விளிம்புகள் வெண்ணெயைக் கீறிக்கொண்டே போய் நுண்ணிய காற்றுக் குமிழிகளை உள்ளே இழுக்கின்றன. மஞ்சளாக இருந்த வெண்ணெய் வெளிறித் தந்த நிறத்துக்கு வருவதும், கிண்ணத்தில் அதன் அளவு கண்ணுக்குத் தெரியும்படி கூடுவதும் அதனால்தான். பேக்கிங் பவுடர் புதிய குமிழிகளை உண்டாக்குவதில்லை, அங்கே ஏற்கெனவே சிக்கியிருப்பவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவே. தேனில் படிகம் இல்லாததால், வெண்ணெயோடு அதை எவ்வளவு நேரம் அடித்தாலும் வழவழப்பான குழம்பு கிடைக்குமே தவிர அந்த நுரைப்பு கிடைக்காது.

ஆகையால் முழுவதையும் மாற்றாமல் பாதியை மட்டும் மாற்றச் சொல்வேன். 100 கிராம் சர்க்கரையை வெண்ணெயோடு நன்றாக வெளிறும்வரை அடித்துவிட்டு, 100 கிராம் தேனை மெல்லிய இழையாக ஊற்றி மேலும் ஒரு நிமிடம் அடியுங்கள். முட்டைகள் அறையின் சூட்டில் இருக்கட்டும், ஒவ்வொன்றாகச் சேருங்கள். குளிர்ந்த முட்டையைச் சேர்த்தால் கலவை திரிதிரியாகப் பிரிந்துவிடும், தேனின் ஈரம் அதை இன்னும் மோசமாக்கும். மைதாவை 15 முதல் 20 கிராம் கூட்டிக்கொண்டு, ஒரு தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு பேக்கிங் சோடாவையும் அதனுடன் சலித்துவிடுங்கள், தேனின் புளிப்பை அது சமன்செய்யும். மொத்தச் சர்க்கரைச் சத்து சற்றுக் குறைந்தாலும் இனிப்பு குறைந்ததாகத் தோன்றாது. ஃபிரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையைவிட இனிப்பு மிகுந்தது.

சூட்டை 180இலிருந்து 165 டிகிரிக்கு இறக்கிவிட்டு நேரத்தை ஐந்து அல்லது பத்து நிமிடம் கூட்டுங்கள். பாதி நேரத்துக்குப் பின் மேற்புறம் செம்பழுப்பாகத் தொடங்கினால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடலாம். வழக்கமாக நீங்கள் நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்பவராக இருந்தால், தேன் கேக்கில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நடுவில் குச்சியைக் குத்திப் பார்ப்பதே நம்பத்தக்கது.

மாவுத்தூள் எழுதிய பதில்:

மேலே உள்ள கணக்கு உங்கள் கேக்குக்கு மிகச் சரி. ஆனால் பாதிக்குப் பாதி என்பதை எல்லாவற்றுக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. அது வெண்ணெயை நுரைக்க அடிக்கும் கேக்குகளுக்கு உரிய சமரசம். உருக்கிய வெண்ணெயோ எண்ணெயோ சேர்த்துக் கலக்கும் மஃபின், வாழைப்பழக் கேக், கேரட் கேக் ஆகியவற்றில் படிகங்களுக்கு வேலையே இல்லை என்பதால் அங்கே தேனை முழுமையாகவே போடலாம். தேன் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது, ஆகவே அவை மறுநாளும் அதற்கு மறுநாளும் வறளாமல் இருக்கும். அதே இயல்புதான் மொறுமொறுப்பான பிஸ்கட்டுக்குப் பகை. ஓவனிலிருந்து எடுத்தபோது நொறுங்கும் பிஸ்கட், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சில மணி நேரத்திலேயே நமுத்துப்போகும். மென்மையான, மெல்லத்தக்க குக்கீ வேண்டுமென்றால் தேன் உங்கள் நண்பன். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் சர்க்கரையில் கால் பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

சோடாவைப் பற்றியும் ஒரு திருத்தம். தேனின் அமில அளவு சராசரியாக பி.எச். 3.9 என்பது உண்மைதான். ஆனால் செய்முறையில் ஏற்கெனவே பேக்கிங் சோடா இருந்தால் தனியாக இன்னும் சேர்க்கத் தேவையில்லை, சேர்த்தால் சோப்பின் சாயலில் ஒரு சுவை நாக்கில் தங்கும். இன்னொன்றும் உண்டு. தேன் கேக் விரைவில் பழுப்பாவதற்குக் காரணம், அதன் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் மாவிலும் முட்டையிலும் உள்ள புரதங்களோடு நேரடியாக வினைபுரிவது. வெள்ளைச் சர்க்கரையால் உடைபடாமல் அப்படி வினைபுரிய இயலாது. போதாததற்கு, மற்றச் சர்க்கரைகள் நிறம் மாறத் தொடங்குவதற்கு வெகு முன்பே, ஏறத்தாழ 110 டிகிரியிலேயே ஃபிரக்டோஸ் கருகத் தொடங்கிவிடும். காரத்தன்மை இந்தப் பழுப்பாதலை இன்னும் விரைவுபடுத்தும் என்பதால், சோடாவைத் தாராளமாகப் போட்டுவிட்டு மேற்புறம் கருகுகிறதே என்று ஓவனைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

ஈஸ்ட் சேர்க்கும் ரொட்டிக்குத் தேக்கரண்டிக் கணக்கில்தான் இனிப்பு சேரும், அதற்கு எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை. முட்டை வெள்ளையை அடித்துச் செய்யும் மெரிங்கில் சர்க்கரையை அப்படியே விட்டுவிடுங்கள். வாட்டும் காய்கறிக்கோ இறைச்சிக்கோ தேன் பூசுவதாக இருந்தால் கடைசிச் சில நிமிடங்களில் பூசுங்கள். ஐஸ்கிரீம் செய்பவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: எளிய சர்க்கரைகளின் மூலக்கூறுகள் சிறியவை, ஒரே எடையில் எண்ணிக்கையில் மிகுதியானவை, ஆகவே உறைநிலையை அதிகமாகத் தாழ்த்துகின்றன, முழுவதும் தேனால் செய்த ஐஸ்கிரீம் கரண்டிக்கு இணக்கமாக இருந்தாலும் கிண்ணத்துக்கு வந்ததும் விரைவில் இளகிவிடும்.

எந்தத் தேன் என்பதையும் கவனியுங்கள். கருநிறத் தேன்களுக்கு மணமும் கசப்பும் சற்றுத் தூக்கலாக இருக்கும். இஞ்சி, பட்டை, கிராம்பு சேரும் கேக்குக்கு அவை பொருந்தும், வெனிலா மட்டும் சேரும் உங்கள் கேக்கில் அவை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். வெளிறிய, மென்மணத் தேனை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிதானி எழுதிய பதில்:

சூடு, உடல்நலம் ஆகிய இரண்டு ஐயங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தேனைச் சூடாக்கினால் நஞ்சாகும் என்பதற்கு வேதியியலில் ஆதாரம் இல்லை. சூட்டில் நடப்பது இதுதான்: டயஸ்டேஸ், இன்வர்டேஸ் என்னும் நொதிகள் செயலிழக்கின்றன, எளிதில் ஆவியாகும் மணப்பொருள்கள் பறந்துவிடுகின்றன, ஃபிரக்டோஸிலிருந்து எச்.எம்.எஃப். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபியூரல் உருவாகிறது. நஞ்சு என்று பேசுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பெயரைத்தான் சுட்டுகிறார்கள். கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரநிலை தேனில் இதற்கு ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்பமண்டலத் தேனுக்கு 80 மில்லிகிராம் என வரம்பு வைத்திருக்கிறது. அது தேன் மிகையாகச் சூடாக்கப்பட்டதா, நெடுநாள் பழையதா என்று கண்டுபிடிப்பதற்கான தர அடையாளம். வறுத்த காப்பிக்கொட்டையில் இதே பொருள் அந்த வரம்பைவிடப் பன்மடங்கு இருக்கிறது, யாரும் காப்பியை நஞ்சென்று ஒதுக்குவதில்லை. ஆனால் விலையுயர்ந்த, மணம் மிகுந்த தேனை ஓவனுக்குள் அனுப்புவது வீண் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை ஆறிய கேக்கின் மேல் ஊற்றிச் சாப்பிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

உடல்நலம் என்று வந்தால், உங்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். 100 கிராம் தேனில் ஏறத்தாழ 304 கிலோகலோரி, சர்க்கரையில் ஏறத்தாழ 390. இந்த வேறுபாடு பெரும்பாலும் தண்ணீரால் வருவது. கரண்டியால் அளந்தால் கணக்கு தலைகீழாகிறது: ஒரு மேசைக்கரண்டித் தேன் 21 கிராம் எடையும் 64 கிலோகலோரியும் கொண்டது, அதே அளவு சர்க்கரையில் 50 கிலோகலோரிக்குச் சற்றுக் குறைவுதான். உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், அன்றாட ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டிய இனிப்புகளின் கணக்கில் தேனையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. தேனில் கனிமங்களும் பிற நுண்பொருள்களும் இருப்பது உண்மை. ஒரு துண்டுக் கேக்கில் கிடைக்கும் அளவு மிகச் சொற்பம். நீரிழிவு உள்ளவர்கள் தேன் கேக்கைச் சர்க்கரைக் கேக்காகவே எண்ண வேண்டும். மணத்துக்காகவும் மென்மைக்காகவும் தேனைத் தேர்ந்தெடுங்கள், அவை போதுமான காரணங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைக்கு இந்தக் கேக்கில் ஒரு துணுக்கைக்கூடக் கொடுக்காதீர்கள். தேனில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். அவற்றை அழிக்க அழுத்தத்துடன் கூடிய 121 டிகிரிச் சூடு தேவை. ஓவன் 180 காட்டினாலும், ஈரம் இருக்கும்வரை கேக்கின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. வெந்துவிட்டது, ஆகவே ஆபத்தில்லை என்ற வாதம் இங்கே செல்லாது.

இளவெயில் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பாதி அளவில் செய்யப் போகிறேன், உடல்நலக் காரணத்தை விட்டுவிடுகிறேன். எஞ்சியிருப்பவை இரண்டு. சோளமாவுக் கஸ்டர்டில் தேனை எப்போது சேர்ப்பது? என்னிடம் உள்ள தேன் பாதி உறைந்து அடியில் மணல் மணலாக நிற்கிறது. அது கெட்டுவிட்டதா, கேக்குக்கு ஆகுமா?

மாவுத்தூள் எழுதிய பதில்:

கஸ்டர்டைப் பொறுத்தவரை, மணம் போகாமலிருக்க ஆறிய பிறகு தேனைக் கலப்போம் என்று பலருக்கும் தோன்றும். பதப்படுத்தாத தேனில் உள்ள டயஸ்டேஸ் நொதியின் தொழிலே மாவுச்சத்தை உடைப்பதுதான். வெதுவெதுப்பான கஸ்டர்டில் அதைக் கலந்தால், கெட்டியாக இறக்கியது சில மணி நேரத்தில் நீர்த்து ஓடத் தொடங்கும். ஆகவே சோளமாவு கெட்டிப்பட்டதும் தேனைச் சேர்த்து, அடி பிடிக்காமல் கிளறியபடி ஓரிரு நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். அந்தச் சூட்டில் நொதி செயலிழந்துவிடும். வெறும் பாலைக் கொதிக்கவிட்டு அதில் நிறையத் தேனை ஊற்றினால் அமிலத்தால் திரிய வாய்ப்புண்டு, சோளமாவு கலந்து கெட்டியான பாலில் அந்தத் தொல்லை குறைவு.

உறைந்த தேன் கெட்ட தேன் அல்ல. குளுக்கோஸ் படிகமாகப் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். புட்டியை மூடி தளர்த்தி 40 முதல் 50 டிகிரி வரையிலான வெந்நீரில் நிறுத்தி, அவ்வப்போது கிளறினால் இளகிவிடும். கேக்கில் சேர்க்குமுன் முழுவதும் ஆறவிடுங்கள், சூடான தேன் வெண்ணெயை உருக்கி நீங்கள் அடித்து ஏற்றிய காற்றையெல்லாம் வெளியேற்றிவிடும். இளக்குவதற்கு முன்பு மேலே நிற்கும் திரவப் பகுதியை மட்டும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். குளுக்கோஸ் பிரிந்த பிறகு எஞ்சிய திரவத்தில் தண்ணீரின் விகிதம் கூடுவதால், அங்கே ஈஸ்ட் வளர்ந்து புளிக்கக்கூடும். நுரையும் புளித்த வாடையும் இருந்தால் அந்தப் புட்டியைக் கேக்குக்கு எடுக்க வேண்டாம்.