வெள்ளை எஞ்சியின் அக்குளில் மஞ்சள் கறை: பிளீச்சில் போட்டால் இன்னும் மோசமாகிறது

டாமுவே டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறேன். வெள்ளை எஞ்சி (பர்மிய மேல்சட்டை), பச்சை லுங்கிதான் சீருடை, வேறு நிறத்துக்கு வழியில்லை. இருக்கும் ஐந்து எஞ்சியிலும் அக்குளில் மஞ்சள் படிந்துவிட்டது. நிறம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அந்த இடம் கஞ்சி போட்ட மாதிரி விறைத்துப்போய், மடக்கினால் மொறுமொறுவென்கிறது. கரும்பலகையில் மேல் வரி எழுதக் கையைத் தூக்கவே கூச்சமாக இருக்கிறது. போன வாரம் ஒன்றை ராத்திரி முழுக்க பிளீச்சில் ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் மற்ற இடமெல்லாம் பளிச், அக்குள் மட்டும் முன்பைவிட அடர் மஞ்சள்! எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போட்டதில் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். நான் அக்குளுக்கு வியர்வை தடுக்கும் ரோல்-ஆன் எதுவும் போடுவதில்லை. என்ன செய்யலாம்?

மோல்மேன் தையற்கடை:
தங்கச்சி, முதலில் பிளீச்சை நிறுத்து. வியர்வைக் கறையில் அது பட்டால் மஞ்சள் கூடத்தான் செய்யும். துணி டெட்ரான் (பாலியஸ்டர்) கலந்ததா? அப்படியென்றால் துணியே பழுத்துவிடும். எத்தனையோ எஞ்சி இப்படித்தான் என்னிடம் வந்து சேருகிறது. இன்னொன்று, கறை போகாமல் இஸ்திரி போடாதே. சூடு பட்டால் கறை துணியிலேயே இறங்கிவிடும்.

மாண்டலே மச்சான்:
பேசாமல் முகத்தில் பூசும் தனாக்காவின் மஞ்சள் நிறத்தில் சீருடை கேளுங்கள் சயாமா (டீச்சர்). பாதி ஊருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும் :)

பெகு மருந்துக்கடை:
டீச்சர், வியர்வைக்கு நிறம் கிடையாது. ஆனால் அக்குளில் வரும் வியர்வையில் கொழுப்பும் புரதமும் உண்டு. ரோல்-ஆனில் இருக்கும் அலுமினிய உப்பு அதோடு சேர்ந்தால் இந்த மாதிரி மஞ்சளாக, கெட்டியாகப் படியும். நீங்கள் ரோல்-ஆன் இல்லை என்கிறீர்கள். அக்குளில் வேறு ஏதாவது தடவுகிறீர்களா?

டாமுவே டீச்சர்:
தம்பி, குளித்ததும் படிகாரக் கல்லைத் தேய்ப்பேன். அம்மா காலத்திலிருந்து வீட்டுப் பழக்கம். அது இயற்கைதானே?

பெகு மருந்துக்கடை:
படிகாரமும் அலுமினிய உப்புதான் டீச்சர். கல்லாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. விடச் சொல்லவில்லை. ராத்திரி குளித்துவிட்டுத் தேய்த்து, காலையில் கழுவிவிடுங்கள். எஞ்சி போடும்போது அக்குள் நன்றாகக் காய்ந்திருக்கட்டும்.

கறைக்கு: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, பழுப்புப் பாட்டிலில் வரும். அதில் 2 கரண்டி, ஆப்பச் சோடா 1 கரண்டி, பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு. எஞ்சியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நனைத்து, கறை மேல் பூசிப் பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். அரை மணி, பழைய கறைக்கு ஒரு மணி நேரம் விட்டு அலசுங்கள். வேண்டிய அளவு மட்டும் கலக்கவும். மீதியை மூடி போட்டு வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். பச்சை லுங்கியில் பட்டால் நிறம் போய்விடும், ஜாக்கிரதை.

மாண்டலே மச்சான்:
எங்கள் வீட்டில் வினிகர்தான். பிளீச்சோடு சேர்த்துப் போட்டால் இன்னும் வேகமாகப் போகாதா?

பெகு மருந்துக்கடை:
ஐயோ வேண்டாம் அண்ணே! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நெஞ்சை அடைத்துவிடும். வினிகர் தனியாகப் போடலாம். விறைப்பு இளகும்.

டாமுவே டீச்சர்:
ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். கரண்ட் இல்லாததால் வாளியில் கைத்துவையல்தான். பூசியதும் பொருபொருவென்று நுரைத்தது. மூன்று எஞ்சி ஒரே தடவையில் வெளுத்துவிட்டது. நாலாவதுக்கு இரண்டு தடவை. வெளியே காயப்போட வழியில்லாமல் மழை, அதனால் வீட்டுக்குள்ளேயே காய்ந்த பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. மொறுமொறுப்பு எதிலும் இல்லை. பிளீச்சில் போட்டது மட்டும் அசையவில்லை, அதற்கு இஸ்திரி வேறு போட்டிருந்தேன். படிகாரத்தை ராத்திரிக்கு மாற்றிவிட்டேன். அம்மாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

மோல்மேன் தையற்கடை:
அதை எறிந்துவிடாதே. முழங்கை வரை கை வைத்ததா? கையைக் குட்டையாக்கி, வெட்டிய துணியிலிருந்தே அக்குளுக்கு ஒட்டுப் போட்டுவிடலாம். அதே துணி என்பதால் வித்தியாசம் தெரியாது. மற்ற நாலுக்கும் மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு மடிப்பாக அக்குள் பட்டை தைத்து, ஊக்கு வைத்து மாட்டிக்கொள். பட்டையை மட்டும் தினம் துவைத்தால் போதும்.