புதுப்பிப்பு: பக்கவாத்திய மென்பொருளின் புதுப் பதிப்பை வாங்கவில்லை

பக்கவாத்திய மென்பொருளோடு வாசிக்கும்போது, மிடி கீபோர்டில் (கணினியோடு இணைத்து வாசிக்கும் கீபோர்டு) கட்டையை அழுத்தினால் சத்தம் பிந்தி வருகிறது, காசு கொடுத்துப் புதுப் பதிப்புக்கு மாறலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

புதுப் பதிப்பை இலவசச் சோதனையில் ஓட்டிப் பார்த்தேன். அதிலும் அதே தாமதம். ‘முதலில் ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தூக்கிப் போடுங்கள்’ என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரி. டவுன்ஹால் ரோட்டில் ப்ளூடூத்துக்குப் பதிலாக ஒரு ஒயர் வாங்கி மாட்டியதும் பெரும்பகுதி சரியாகிவிட்டது. அப்புறம் ஆசியோ டிரைவர் (கணினியில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) போட்டு பஃபரை, அதாவது ஒலியை அனுப்புமுன் சேர்த்து வைக்கும் அளவை, 512 மாதிரிகளிலிருந்து 128 ஆக்கினேன்; 44,100 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு அத்தனை மாதிரிகள்) பஃபரால் வரும் தாமதம் சுமார் 12 மில்லி விநாடியிலிருந்து 3 ஆகக் குறைகிறது. 64 வைத்தால் கரகரக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் வேகம் கூட்டி ஓடுவது நான்தானாம். இத்தனை நாளும் பழியை மென்பொருளின் மிருதங்கத்தின் மேல் போட்டிருந்தேன்.