பிரேக் போட்ட இடம் தெரிகிற படம்

ஜனவரியில் நான்கு நாள் ஏற்காட்டில் தங்கியிருந்தேன். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைப் பக்கம் நின்றால் மலைப்பாதை நெளிந்து இறங்குவதும், அடியில் சேலத்தின் விளக்குகளும் தெரியும். இரவில் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து, வண்டி விளக்குகள் இழுக்கும் வெளிச்சக் கோடுகளைப் படமெடுக்க இதைவிட நல்ல இடம் எனக்கு அமைந்ததில்லை.

முதல் நாள் வீண். ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப்/11, நாமே மூடும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோடில் இரண்டு நிமிடம், அதெல்லாம் சரி. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைக்க மறந்துவிட்டேன். நெடுநேரப் படத்தில் விழும் புள்ளிகளை நீக்குகிற வசதி அது; அதற்காக ஷட்டர் திறந்திருந்த அதே அளவு நேரத்தைக் கேமரா மறுபடியும் எடுத்துக்கொள்ளும், அதுவரை அடுத்த படம் எடுக்க முடியாது. அந்த இடைவெளியில்தான் வண்டிகள் வரிசையாக இறங்கிப் போயின.

மறுநாள் வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே தொடங்கினேன். முழுக்க இருட்டிவிட்டால் மலை காணாமல் போய், கோடுகள் மட்டும் அந்தரத்தில் தொங்கும். ஒரு வண்டிக்கு ஒரு படம் என்று பொறுமையாக எடுத்தேன்.

அப்புறம் டீக்கடையில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் பெருசாக்குங்க சார்." ஒரு படத்தில் சிவப்புக் கோடு மேலிருந்து கீழ்வரை தடிமனாக இருந்தது. "இவரு வெளியூரு. இறக்கம் பூரா பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போயிருக்காரு. சூடேறிப் பிரேக் பிடிக்காமப் போயிடும் சார்." அடுத்த படத்தில் கோடு நூல் மாதிரி இருந்தது, வளைவுகளில் மட்டும் சின்னச் சின்னப் பொட்டு. "இது நம்ம ஆளு. செகண்ட் கியர்லயே விட்டிருக்காரு."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பிரேக் விளக்கு எரிந்தால் கோடு தடிக்கும், வண்டி மெதுவானால் ஒளி அதே இடத்தில் கூடுதல் நேரம் விழுந்து இன்னும் பளிச்சென்று ஆகும், இண்டிகேட்டர் ஆரஞ்சுப் புள்ளிகளாக விழும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஆறு வருடமாக நான் கோட்டின் அழகை மட்டும் பார்த்திருக்கிறேன். ஓட்டியவரின் கால் எங்கே இருந்தது என்று அதில் படிக்கலாம் என அவர்தான் காட்டினார்.

மூன்றாம் நாள் ஏழு மணிக்குச் சவாரியோடு இறங்குவதாகச் சொல்லியிருந்தார். சொன்ன நேரத்துக்கு ஷட்டரைத் திறந்து வைத்தேன். அவர் சொன்ன மாதிரியே மெல்லிய நூல். ஒரே ஓரிடத்தில் மட்டும், வளைவே இல்லாத இடத்தில், பெரிய சிவப்புப் பொட்டு.

இரவு ஃபோன் செய்து கேட்டேன். "காட்டெருமை சார். குட்டியோட குறுக்க நின்னுச்சு. லைட்டை டிம் பண்ணிட்டு, அது போற வரைக்கும் நின்னேன்."