அக்ரிலிக் லென்ஸில் கோட்டிங் உரிகிறது, அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன ஆப்டிக்ஸ் யூனிட் வைத்திருக்கிறோம். பார்கோடு ஸ்கேனருக்கான அக்ரிலிக் லென்ஸில் போடும் எதிரொளிப்புத் தடுப்புக் கோட்டிங் டேப் சோதனையில் அப்படியே டேப்போடு வந்துவிடுகிறது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. கோடையில் தாங்கியது.

மெக்னீசியம் ஃப்ளோரைடு, ஒரே அடுக்கு, சுமார் 100 நானோமீட்டர். பழைய பாக்ஸ் கோட்டர் (வெற்றிட அறையில் கோட்டிங் போடும் மெஷின்), வெற்றிடத்துக்கு டிஃப்யூஷன் பம்ப், எலக்ட்ரான் பீம் கிடையாது, போட் (மின்சாரத்தில் சூடாகும் சின்ன உலோகத் தொட்டி) வைத்து ஆவியாக்குவதுதான். அதே மெஷினில் கண்ணாடியை 300 டிகிரிக்குச் சூடாக்கிப் போட்டால் கல் மாதிரி நிற்கிறது. அக்ரிலிக் 100 டிகிரியைத் தாண்டினாலே இளகிவிடும், அதனால் அந்த வழி அடைபட்டது. குளிர்ந்த பரப்பில் படியும் படலம் மென்மையாக, நுண்துளைகளோடுதான் இருக்கும் என்பது தெரியும். ஆனால் அடியோடு உரிவது வேறு கதை.

லென்ஸை இரவு முழுக்க 60 டிகிரியில் உலர்த்திப் பார்த்தோம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தோம். க்ளோ டிஸ்சார்ஜ் (கோட்டிங்குக்கு முன் பரப்பை மின்னிறக்கத்தால் சுத்தம் செய்வது) நேரத்தைக் கூட்டியதில் கொஞ்சம் முன்னேற்றம், அப்புறம் லென்ஸ் மஞ்சளடித்தது. படலம் படியும் வேகத்தைக் குறைத்தும் பயனில்லை.

பேடன்ட் சிக்கல் வருமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஒற்றை அடுக்குக் கோட்டிங்குக்கு ஸைஸ் கம்பெனியின் விஞ்ஞானி ஸ்மகுலா ஜெர்மனியில் பேடன்டுக்கு விண்ணப்பித்தது 1935-இல், அதெல்லாம் எப்போதோ காலாவதி.

அக்ரிலிக்குக்கும் ஃப்ளோரைடுக்கும் நடுவே, போட்டிலேயே ஆவியாக்கக்கூடிய எந்தப் பிணைப்புப் படலத்தை, எவ்வளவு தடிமனில் போடுகிறீர்கள்?